பீரங்கிக்காரர் சுட்ட ரொட்டி

போர் முடிந்த பிறகுதான் எங்கள் ஊரில் வீரர்கள் பெருகினார்கள். போர் நடந்த காலத்தில் அவ்வளவு பேர் இல்லை. கப்பலில் கரி அள்ளிப் போட்டவன் கப்பலையே ஓட்டியவனாகவும், கோவேறு கழுதைக்குப் புல் வைத்தவன் குதிரைப்படைக்காரனாகவும், மருத்துவ முகாமில் போர்வை துவைத்தவன் எதிரியின் போர்வைக்குள்ளேயே புகுந்து உளவு பார்த்தவனாகவும் ரயிலை விட்டு இறங்கினார்கள். துறைமுகத்திலிருந்து எங்கள் ஊருக்கு ரயில் பயணம் நீளம். நிலையத்துக்கு ஒரு பதவி உயர்வு என்று வைத்தாலும் சரியாகத்தான் வரும். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. உலகத்தின் அந்தக் கோடியில் நடந்ததற்கு எங்களிடம் சாட்சி ஏது? தவிர, அவரவர் வீட்டிலும் இப்படி ஒருவர் இறங்கியிருந்தார்.

ரொட்டிக்கடைக்காரர் பீரங்கிக்காரராக இறங்கினார்.

அவர் கடை தெரு திரும்பும் முனையில் இருந்தது. முன்னால் ரொட்டி விற்கும் பலகை, பலகைத் தடுப்புக்குப் பின்னால் மாவு பிசையும் அறை, அதையொட்டிச் செங்கல்லால் வளைத்துக் கட்டிய அடுப்பு, அதற்கும் பின்னால் குடியிருக்க இரண்டு அறைகள். தடுப்பில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. ரொட்டி வாங்க வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்தக் குடும்பத்தில் தெரியாத விஷயம் என்று ஒன்றும் கிடையாது.

போர் தொடங்கியபோது ஆள் சேர்க்கிறவர்கள் கொட்டடித்துக்கொண்டு தெருவில் வந்தார்கள். நாட்டுக்காகப் போனேன் என்று அவர் இப்போது சொல்கிறார். அன்று காலை சூப்பில் உப்பு அதிகம் என்று மனைவியோடு சண்டை போட்டுவிட்டு, அந்த வேகத்தில் கொட்டுக்காரன் பின்னால் நடந்தார் என்பது தெருவுக்கே தெரியும். கோபம் தணிவதற்குள் கையெழுத்தாகிவிட்டது. கோபம் தணிந்தபோது அவர் கப்பலில் இருந்தார்.

அதுவரை அவர் மனைவி மாவைத் தொட்டதில்லை. பலகைக்குப் பின்னால் நின்று விற்பதுதான் அவர் வேலை. நாங்கள் அவரை ரொட்டிக்கடை அக்கா என்று கூப்பிடுவோம். கணவர் போன மறுநாள் அக்கா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மாவுத்தொட்டிக்குள் இறங்கினார். முதல் மாதம் அவர் சுட்ட ரொட்டியை வைத்துச் சுவர் கட்டியிருக்கலாம். அடுத்த மாதம் மாவு தட்டுப்பாடு வந்தது. உருளைக்கிழங்கைக் கலந்தார், சோளத்தைக் கலந்தார், ஒரு குளிர்காலத்தில் எதைக் கலந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒருநாள் விடாமல் அடுப்பு எரிந்தது, ரொட்டி எழும்பியது. எழும்பியதற்குக் காரணம் ஒரு ஜாடி. அதில் புளிமாவு இருந்தது. தினம் அதில் ஒரு பங்கை எடுத்துப் புது மாவில் பிசைந்து, எடுத்த அளவுக்கு மாவும் தண்ணீரும் ஊற்றி வைத்தால் அது மறுநாளைக்குப் பொங்கியிருக்கும். ஒருநாள் மறந்தால் செத்துவிடும். மாவே இல்லாத வாரங்களில் அக்கா தன் பங்கு ரொட்டியை விட்டுக்கொடுத்து அந்த ஜாடிக்குத் தீனி போட்டார். உறைபனிக் காலத்தில் தன் போர்வையை அதற்குச் சுற்றிவிட்டு, இரண்டு பாவாடையைப் போர்த்திக்கொண்டு படுத்தார்.

கணவர் வந்து இறங்கிய மறுநாள் விடியலில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஜாடியைக் கணவரே காலி செய்து கவிழ்த்து வைத்திருந்தார்.

"இதுல இருந்தது எங்க?" என்று அக்கா கேட்டார்.

"சாக்கடையில. குடலைப் புடுங்குது நாத்தம். எத்தனை வருஷத்து அழுக்கு அது? பட்டாளத்துல இப்படி ஒரு ஜாடி வெச்சிருந்தா அன்னைக்கே விசாரணை."

"அது நாத்தம் இல்லீங்க. அதுதான் ரொட்டி."

"ரொட்டி இதுல இருக்கு." ஒரு தகர டப்பாவைத் தட்டிக் காட்டினார். "ஈஸ்ட். பொடி. ஒரு கரண்டி போதும். நீ போய் உள்ள ஒக்காரு. அஞ்சு வருஷம் கஷ்டப்பட்டாச்சு, இல்லேன்னு சொல்லல. இனிமே அடுப்பு என் பொறுப்பு."

அக்கா வாசலுக்கு ஓடி சாக்கடையைப் பார்த்தார். மழைத் தண்ணீர் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. கையில் கரண்டியோடு ஓடியிருந்தார் என்பதை வரிசையில் நின்றவர்கள் பார்த்தோம். எதை அள்ளலாம் என்று நினைத்தாரோ.

திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "பீரங்கிக்காரனுக்கு எதுக்குங்க ஈஸ்ட் டப்பா குடுத்தாங்க?"

"பட்டாளம்னா எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கணும்," என்றார் அவர். "சொன்னா உனக்குப் புரியாது."

அன்று அவர் மாவு பிசைந்தார். மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார், இன்னொன்றைக் கொட்டினார், மூன்றாவதையும் அவிழ்த்தார். அக்கா தடுக்கவில்லை, கதவருகில் கைகட்டி நின்று பார்த்தார். பொழுது ஏறுவதற்குள் மாவு தொட்டி விளிம்பைத் தாண்டியது. மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. தரையில் வழிந்து, வாசற்படியில் ஒரு காலை வைத்து, தெருவுக்கு வரலாமா என்று யோசித்தது. நாத்தனார் அலறினார். கடைக்காரரின் தமக்கை. தன் கணவர் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். வாய் ஒன்றுதான் அவர் கொண்டுவந்த சீர்.

"அய்யய்யோ, தம்பி, மாவு நடந்து வருதுடா!"

"ஒண்ணுமில்லக்கா. அளவு கொஞ்சம் கூடிருச்சு."

"யாருக்கான அளவு?" என்று அக்கா கேட்டார். அவர் வழிந்த மாவை வாரித் துண்டு போட்டார். அந்த ரொட்டியை ஊரே நாட்கணக்கில் தின்றது. பிறகு கோழிகள் தின்றன. பிறகு கோழிகளும் மறுத்துவிட்டன.

அப்போதுதான் வீரர் பாராட்டு விழாவுக்கு ஏற்பாடு நடந்தது. ஏற்பாடு செய்தவர் மரக்கடைக்காரர். விழாக்குழுத் தலைவர். போருக்கு அவர் போகவில்லை, போர் அவரிடம் வந்தது. குண்டு அடுக்குகிற பெட்டிகளுக்குப் பலகை அறுத்துக் கொடுத்தார். ஊரில் எல்லோரும் இளைத்த அந்த ஐந்து வருஷத்தில் அவருடைய இடுப்புப் பட்டைக்கு மட்டும் புது ஓட்டைகள் போட வேண்டியிருந்தது, வெளிப்பக்கமாக. பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் எழுந்து போனாலும் அவருக்குத் தெரியாது.

ஒருநாள் கடைக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "ஐயா பீரங்கி வீரரே! தாங்கள் மேடையின் நடுநாயகமாக வீற்றிருக்க வேண்டும். மற்றவர்கள் ஓரத்தில் இருப்பார்கள். வெடிமருந்து தீண்டிய தங்கள் திருக்கரத்தை மக்கள் காண வேண்டும். ரொட்டியும் தங்கள் கடையிலிருந்தே வரட்டும், ஊர் முழுக்க. நினைத்துப் பாருங்கள். பீரங்கியைச் சுட்டவர் கடையில் சுட்ட ரொட்டி!"

கண்ணைத் திறந்து, யாராவது ரசித்தார்களா என்று பார்த்தார். கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். அவருடைய வலது கையில் முழங்கைக்குக் கீழே உள்பக்கமாகக் கருத்த தழும்புகள் இருந்தன. பீரங்கி வாய் வெடித்துத் தீ பட்டது என்று வந்த அன்றே ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த வெடிச் சத்தத்தில் இடது காது மந்தமாகிவிட்டதாகவும் சொன்னார். மனைவி கூப்பிடும்போது அந்தக் காதைத்தான் திருப்புவார்.

மரக்கடைக்காரர் போனபின் அவர் அடுப்படிக்குள் போய்ச் சட்டையைக் கழற்றினார். அக்கா அன்றுதான் அந்தக் கையை வெளிச்சத்தில் பார்த்தார்.

"கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா."

அக்கா தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றி, தன் கையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார். தடுப்பு இடைவெளியில் எங்களுக்கு இரண்டு கைகள் தெரிந்தன. ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது. இரண்டிலும் அதே இடத்தில், அதே சாய்வில், ஏணிப்படி மாதிரி அதே கோடுகள். அடுப்பின் ஆழத்தில் கடைசி வரிசையில் இருக்கும் ரொட்டியை எடுக்கக் கையை நுழைத்தால், அடுப்பு வாயின் இரும்பு விளிம்பு அந்த இடத்தில்தான் சுடும்.

"சொல்லுங்க. என் கையில பீரங்கி எப்ப வெடிச்சுது?"

அவர் கை சட்டென்று பின்வாங்கியது.

"மெதுவாப் பேசு," என்றார் அவர்.

"எத்தனை வருஷம்?"

"மொத்தமும்."

"ஒருநாளாவது துப்பாக்கி பிடிச்சீங்களா?"

"ஒருதடவை. போட்டோ எடுக்கிறப்ப."

நாத்தனார் குறுக்கே புகுந்தார். "இப்ப என்ன ஆயிருச்சு? எம் தம்பி கொலையா பண்ணிட்டான்?"

"பண்ணதாத்தான அண்ணி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார்!"

"என்னடி வாய் நீளுது?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அண்ணி. நான் இவர்கிட்டதான் கேக்கறேன். ஏன் மறைச்சீங்க?"

"பின்ன என்னன்னு சொல்றது?" அவர் குரல் உடைந்து ஏறியது. "டாங்கி ஓட்டுனேங்கறான் ஒருத்தன், பாலத்தை ஒடைச்சேங்கறான் ஒருத்தன். அவனுங்க பின்னாடி நான் மாவு பிசைஞ்சேன்னு இறங்கவா? கப்பல்ல, பாலைவனத்துல, பனியில, உலகத்தோட அந்த மூலை வரைக்கும் போயிட்டு வந்துட்டு, விட்டுட்டுப் போன அதே வேலையைத்தான் அங்கயும் பண்ணேன்னு சொன்னா, சிரிக்க மாட்டானுங்க?"

"நான் என்ன பண்ணேன் இந்த அஞ்சு வருஷமா?"

"நீ கடையைப் பாத்துக்கிட்ட."

"மாவு பிசைஞ்சேன்."

"அதான், அதைத்தான் சொன்னேன்..."

"இல்ல, நீங்க அதைச் சொல்லல. வெளிய சொல்லக் கேவலமா இருக்குன்னு பீரங்கிக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சீங்க பாருங்க, அந்த வேலையை நான் பண்ணேன். தெனம் பண்ணேன். அது கேவலம்னா நான் யாரு? வந்த மறுநாளே அந்த ஜாடியைக் கொட்டி, 'நீ போய் உள்ள ஒக்காரு'ன்னியே. நீ யாரு அதைச் சொல்ல?"

அந்த 'நீ' தடுப்பைத் தாண்டி வந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண்மணி தன் கூடையைத் தரையில் வைத்துவிட்டார். ஐந்து வருஷச் சண்டை பாக்கி இருக்கும்போது கூடையைச் சுமப்பானேன்.

"வாய்க்கு வந்தபடி பேசாத. இது எங்கப்பா கட்டின அடுப்பு," என்றார் அவர். "விழா முடிஞ்சதும் நீ பின்கட்டுக்குப் போற. பேச்சே கிடையாது."

"விழாவுல எல்லார் முன்னாடியும் நீங்க உண்மையைச் சொல்லணும். அங்க ரொட்டி சுட்டேன்னு சொல்லணும். சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து அடுப்பைப் பாப்போம். இல்லேன்னா நான் சொல்றேன். மேடைக்கு முன்னாடி நின்னு என் கையைத் தூக்கிக் காட்டறேன்."

"காட்டினா இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது நீ," என்றார் நாத்தனார். "கட்டின துணியோட போகணும்."

அக்கா கணவரைப் பார்த்தாரா, நாத்தனாரைப் பார்த்தாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. "அவர் சொல்லட்டும் அதை," என்றார்.

அவர் சொன்னார். "ஆமா. போகணும்."

வாயைத் திறந்தால் வீடு போகும், மூடினால் அடுப்பு போகும். அக்காவின் நிலைமை இதுதான் என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் விழாக்குழுத் தலைவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. மரக்கடைக்காரரிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு அவர் கண் திறந்திருக்க வேண்டும்.

விழாவுக்கான ரொட்டியை அக்கா தொட மறுத்துவிட்டார். "பீரங்கிக்காரர் சுடட்டும்" என்றார். விழாவுக்கு முந்தின நாள் காலையில் கணவர் தனியாக அடுப்பைப் பற்ற வைத்தார். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போனோம். சொல்லத்தான் வேண்டும்: இந்த முறை அவருடைய அளவு தப்பவில்லை. ஊர் முழுவதற்குமான மாவு என்பது அவர் கைக்குப் பழகிய மாவு. மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, தண்ணீரை விரல் விட்டுப் பார்த்து, முழங்கை வரை இறங்கிப் பிசைந்தார். தொட்டியில் மாவு புரளும் சத்தம் குளத்தில் எருமை இறங்கினாற்போல இருந்தது. துண்டு போட்டார், எடை பார்க்கவில்லை, கை நிறுத்தது. ஒன்றைத் தட்டி உருட்டும்போதே இன்னொன்று இடது கையில் உருண்டது. சதுரத் தட்டுகளில் அடுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் கத்தியால் ஒரு குறுக்குக் கோடு கிழித்து, நீளக்கைத் துடுப்பால் அடுப்புக்குள் தள்ளினார். யாரோ பின்னால் நின்று விரட்டுகிற மாதிரி வேலை செய்தார். வேர்வை மூக்கு நுனியில் நின்று சொட்டியது. அது மாவில் விழாமல் தலையைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்திருந்தது அவருக்கு.

அக்கா கதவில் சாய்ந்து முழுவதையும் பார்த்தார். இவ்வளவு அழகாக வேலை செய்கிறாரே என்று மனம் இளகியிருக்கும் என்று எங்களில் சிலர் நினைத்தோம். முகத்தைப் பார்த்தபின் அப்படி நினைக்கவில்லை. பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம்தான் ஏறியது.

"இவ்வளவு தெரியும்," என்றார், யாரிடம் என்றில்லாமல். "இவ்வளவு தெரிஞ்சும் இதைச் சொல்ல நாக்கு வரல இந்த மனுஷனுக்கு."

விழா மைதானத்தில் நடந்தது. காலையில் தூறி நின்றிருந்ததால் நாற்காலிக் கால்கள் சேற்றில் இறங்கின. முக்கியஸ்தர்கள் கனமானவர்கள் ஆதலால் வேகமாக இறங்கினார்கள். மேடையில் குதிரைப்படைக்காரர், கப்பலோட்டி, உளவாளி எல்லோரும் ஓரங்களில் இருக்க, ரொட்டிக்கடைக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். மேடைக்குக் கீழே ஒரு பக்கத்தில் ரொட்டி மேசை. அக்கா அதன் பின்னால் நின்று ரொட்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. நாங்கள் எல்லோரும் மேடையைப் பார்ப்பதுபோல அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூட்டத்தின் முன்வரிசையில், நாற்காலி வேண்டாம் என்று சொல்லி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார் மில் வாசல் காவல்காரர். ஊருக்கு அவர் ஒத்தைக்கையார். இன்னொரு கையைப் பாலைவனத்தில் விட்டுவிட்டு வந்தவர். எங்கே, எப்படி என்று கேட்டால் "தொலைஞ்சு போச்சு" என்பார். மேடைக்குக் கூப்பிட்டதற்கு, "மேல ஏறினா கை முளைக்குமா?" என்று கேட்டு மரக்கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மரக்கடைக்காரர் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"அலைகடலும் அடிபணிந்த அஞ்சாநெஞ்சர்களே! இதோ, உங்கள் நடுவே வீற்றிருக்கிறார் ஒரு எரிமலை! எதிரியின் கோட்டைகள் இவர் பெயரைக் கேட்டே இடிந்தன! பீரங்கி வெடித்தது. இவர் கலங்கினாரா? இல்லை! எரியும் கையோடு அடுத்த குண்டைத் திணித்தார்! அந்தக் கையை நீங்கள் காண வேண்டாமா?"

ரொட்டிக்கடைக்காரர் எழுந்து கையைத் தூக்கினார். கைதட்டல். அக்கா கையிலிருந்த ரொட்டியை மேசையில் வைத்தார். மணிக்கட்டுப் பொத்தானை அவிழ்த்தார். நாத்தனார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேசைப் பக்கம் நகர்வது தெரிந்தது. அக்கா அடுத்த பொத்தானுக்கு வந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒத்தைக்கையார் ரொட்டியைக் கடித்தார். மென்றார். நிறுத்தினார். வாயிலிருந்ததைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு ரொட்டியைத் திருப்பி அதன் முதுகில் இருந்த குறுக்குக் கோட்டைப் பார்த்தார்.

"அடப்பாவிங்களா," என்று ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார். "இந்தக் கருமம் இங்கயும் வந்துருச்சா?"

மரக்கடைக்காரர் கண்ணைத் திறந்தார்.

"இதே கல்லு. இதே கோடு. பாலைவனத்துல எங்களுக்கு இதைத்தான்யா போட்டானுங்க. கடிச்சா பல்லு பேந்துரும். உள்ள மணலு. எதிரி குண்டுக்குத் தப்பினவன்கூட இந்த ரொட்டிக்குத் தப்பல. இதைச் சுட்டவன் மட்டும் எங்க கையில கெடைச்சா உயிரோட பொதைக்கணும்னு சத்தியம் பண்ணியிருந்தோம்!"

கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்த வீரர்களும் சிரித்தார்கள். நடுவில் நின்றவரின் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. காது சிவந்தது, கழுத்து சிவந்தது. மந்தமான காதுக்கும் இது நன்றாகவே கேட்டிருந்தது.

"என்னய்யா சொன்ன?" என்றார்.

"ரொட்டியைச் சொன்னேன். உன்னைச் சொல்லல. நீ பீரங்கி."

"மணல் காத்து அடிக்கிற ஊர்ல ரொட்டியில மணல் இல்லாம மல்லிகைப்பூவா இருக்கும்? கூடாரத்தை மூணு சுத்து சுத்திக் கட்டி, ஈரத்துணியைத் தொட்டிமேல போட்டு, கண்ணு தெரியாம பிசைஞ்சோம்யா! கல்லாம் கல்லு! வண்டியில அரை நாள் வெயில்ல வந்தா எந்த ரொட்டியும் கல்லுதான். சுட்டவுடனே தின்னு பாத்தியா நீ? எங்க கூடாரத்துக்கு வந்து தின்னவன் ஒருத்தன் குறை சொன்னதில்ல!"

ஒத்தைக்கையார் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். "எங்க கூடாரமா?" என்றார்.

"ஆமாய்யா, எங்க கூடாரம்தான். பட்டாள ரொட்டிக்கூடம். நான்தான் சுட்டேன். அந்தக் கோடு என் கோடு. இப்ப வந்து பொதை."

மரக்கடைக்காரர் சமாளிக்கப் பார்த்தார். "ஆகா! எளிமையின் சிகரம்! பீரங்கியை முழக்கிய கரம், ஓய்வு நேரத்தில்..."

"பீரங்கியை நான் தூரத்துல இருந்துதான்யா பாத்திருக்கேன்! நீ கொஞ்சம் உக்காரு." மைக் அவர் கைக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் அன்றைய மாவு மாதிரி விளிம்பைத் தாண்டிக்கொண்டு வந்தது. "ஒரு கண்டத்துல இருந்து கோதுமை, இன்னொண்ணுல இருந்து உப்பு, தண்ணி எங்க கெடைக்குதோ அது. அதை வெச்சு சுட்டோம். வரிசையில நிக்கிறவன் என்ன பாஷை பேசறான்னே தெரியாது. ரொட்டியைப் பாத்தா எல்லாரும் ஒரே மாதிரிதான் சிரிப்பானுங்க. காலையில இத்தனை பேர்னு சொல்லுவாங்க, அத்தனை சுடுவோம். சாயங்காலம் வண்டி திரும்பி வரும். அதுல எவ்வளவு ரொட்டி மிச்சம் இருக்குன்னு பாப்போம். எங்களுக்கு யாரும் வந்து செய்தி சொல்ல மாட்டாங்க. மிச்சத்தைப் பாத்துதான் தெரிஞ்சுக்குவோம். அந்த ரொட்டியை மறுநாள் யாருக்கும் குடுக்க மனசு வராது. தின்னவும் முடியாது."

ஒத்தைக்கையார் கையிலிருந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மணல்மேட்டுச் சண்டை," என்றார் பிறகு. "அன்னைக்கு எங்க பக்கம் போன வண்டியில எவ்வளவு திரும்பி வந்துது?"

"போனது அப்படியே வந்துது."

"ம்," என்றார் ஒத்தைக்கையார். உள்ளங்கையில் இருந்ததை மறுபடியும் வாயில் போட்டு மென்றார். வெகுநேரம் மென்றார். விழுங்கினார். "ஆனாலும் கல்லுதான்யா," என்றார்.

அதற்குமேல் விழா நிமிரவில்லை. மரக்கடைக்காரர் பதக்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, ரொட்டி சுட்டவருக்குக் கொடுப்பதா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பக்கத்தில் இருந்த குதிரைப்படைக்காரர் சட்டையில் குத்தினார். குதிரைப்படைக்காரர் மறுக்கவில்லை. கழுதைகள் பேசப் போவதில்லை அல்லவா.

அக்கா பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டு, கூடைகளை அடுக்கினார். வீடு திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார். கணவர் பின்னால் வந்தார். நாத்தனார் இருவருக்கும் நடுவில், யாரைத் திட்டுவது என்று முடிவுசெய்ய முடியாமல் வந்தார்.

"அதான் சொல்லிட்டேன்ல," என்றார் கணவர், அக்காவின் முதுகைப் பார்த்து. "ஊர் முன்னாடி சொல்லிட்டேன். நீ கேட்டது அதுதான?"

"எனக்காகவா சொன்னீங்க?" அக்கா திரும்பவில்லை. "வீட்டை விட்டுப் போன்னு சொன்னப்ப உங்களுக்கு வாய் தெறந்துது. நான் கேட்டப்ப தெறக்கல. எவனோ உங்க ரொட்டியைக் கல்லுன்னான், உடனே தெறந்துருச்சு. உங்க ரொட்டிக்காகச் சொன்னீங்க. எனக்கு அதுல ஒரு துண்டும் கிடையாது."

அக்கா சொன்னது அளவு பிசகாமல் சரியாக இருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நாங்கள் வரிசைக்குப் போனபோது மாவறையின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. புகைக்கூண்டில் புகை. தொட்டியில் மாவு அடிபடும் சத்தம். கணவர் மழையில் பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார், தன் அப்பா கட்டின அடுப்புக்கு வெளியே. நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"வீட்டுக்காரனை வெளிய நிறுத்திட்டு உள்ள என்ன சர்க்காரா நடக்குது? உதைச்சுத் தெறடா!"

அவர் உதைக்கவில்லை. விரலால் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளிருந்து.

"நான்தான்."

"நான்னா?"

அவர் எங்களையும் தமக்கையையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ரொட்டி சுடறவன்," என்றார். அதை அவர் சொன்ன தொனியில் பல் பிடுங்குகிற வலி இருந்தது.

மாவு அடிக்கும் சத்தம் நின்றது. தாழ் விலகவில்லை.

"எனக்கு ரெண்டு கை பத்தல," என்றது குரல். "பிசைய ஆள் வேணும். ஆனா எவ்வளவு மாவுன்னு நான் சொல்லுவேன். எதை வெச்சுப் புளிக்க வைக்கணும்னு நான் சொல்லுவேன். எப்ப எடுக்கணும்னும் நான்தான். எதுத்துப் பேசினா வெளிய."

"அங்கயும் எனக்கு மேல ஒரு சார்ஜண்ட் இருந்தான்."

"எப்படி ஆளு?"

"படுபாவி."

தாழ் விலகியது.

"நான் அவனைவிட மோசம். கையைக் கழுவிட்டு வா."